சட்டம் கேளுங்கள்: பால்புதுமையர் உரிமையும் அண்டை நாடுகளும்

தன்பாலீர்ப்பு கொண்டவர்களை நேபாளச் சட்டம் எப்படி நடத்துகிறது என்று ஒரு வாசகர் கேட்டதற்குச் சென்ற இதழில் நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநர், ஊடுபால் உள்ளவர்கள் எல்லோரையும் சேர்த்தே பால்புதுமையர் என்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்காதவர்களும் உண்டு என்றாலும், எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டுமே போட்டிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): இந்தியாவில் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவுக்கு 2018இலேயே முடிவு கட்டிவிட்டார்கள். இனி இலங்கையிலோ வங்கதேசத்திலோ என்ன நடந்தால் நமக்கென்ன? அவரவர் நாட்டு வேலையை அவரவர் பார்த்துக்கொள்வதுதானே முறை?

பதில்: நீங்கள் குறிப்பிடும் எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 377 என்பது இந்தியாவுக்கு மட்டும் உரிய எண் அன்று. பாகிஸ்தான், வங்கதேசம், மியான்மர் ஆகிய நாடுகளின் தண்டனைச் சட்டங்களிலும் ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ அதே எண்ணில்தான் இருக்கிறது. மலேசியாவில் அது 377அ, 377ஆ என்று கிளைவிட்டது. சிங்கப்பூர் தன்னுடைய 377அ பிரிவை 2023 ஜனவரியில்தான் நீக்கியது. மெக்காலே தலைமையில் வரையப்பட்டு, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தை ஆங்கிலேயர் தம் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களுக்கெல்லாம் கொண்டுபோனதன் விளைவு இது. இலங்கைக்கு 1883இல் தனிக் கோவை எழுதினார்கள். அங்கே எண் 365 ஆனது, குற்றம் அதேதான்.

தண்டனை ஒரே இடத்திலிருந்து பரவியதைப் போல, நிவாரணமும் நாடு விட்டு நாடு போயிருக்கிறது. 2007 டிசம்பர் 21 அன்று நேபாள உச்ச நீதிமன்றம், செயற்பாட்டாளர் சுனில் பாபு பந்தும் நான்கு அமைப்புகளும் தொடுத்த வழக்கில், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களும் முழுக் குடிமக்களே என்றும், அவர்களுக்கு அவர்கள் உணரும் பாலின அடையாளத்தின்படி சான்று வழங்க வேண்டும் என்றும், பாகுபாடு காட்டும் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2014 ஏப்ரல் 15 அன்று நம் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் திருநர் உரிமை பற்றித் தீர்ப்பு எழுதியபோது, அந்தக் காத்மாண்டுத் தீர்ப்பையும், குவாஜா சிராக்கள் எனப்படும் அந்நாட்டுத் திருநர் பற்றிப் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையையும் எடுத்துக்காட்டியது. காத்மாண்டில் சிலர் வழக்காடி வாங்கிய நீதி, அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத விழுப்புரத்துத் திருநங்கைக்கும் பயன்பட்டிருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட நாம், அண்டை வீட்டு வேலை நமக்கெதற்கு என்று கேட்பது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று 377இலிருந்து கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பர் 11 அன்று பறித்துவிட்டது. தம்முடன் வாழ்ந்துவந்த நண்பரின் பெயரை ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் எழுதிக்கொடுத்து, அதைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் விட்டுவைத்திருந்தார் ஓர் இளைஞர். தீர்ப்பு வந்த அன்று மாலை வந்து, ஒன்றும் பேசாமல் அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். 2018 செப்டம்பர் 6 வரை அவரும் அவரைப் போன்றவர்களும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாளிலும் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பிரிவை முழுமையாக எடுத்துவிடவில்லை. வயது வந்தவர்கள் மனம் ஒப்பி வாழ்வதற்கு அது பொருந்தாது என்றுதான் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இடம்பெறவில்லை. அதனால் வயது வந்த ஆண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால் அதற்கென்று தனிப் பிரிவு இல்லாமல் போனதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சட்டம் போய்விட்டது என்று நாம் சொல்லும்போது எது போயிற்று, எது விடுபட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் உயர் நீதிமன்றம் 2023இல் சாதகமாகச் சொன்னதாகப் பத்திரிகைகளில் வாசித்தோம். ஆனாலும் 365, 365அ பிரிவுகள் அப்படியே இருக்கின்றனவே, அது எப்படி?

பதில்: தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்று சொல்வது நம் ஊர் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானது.

இந்திய நீதிமன்றத்துக்கும் உங்கள் நீதிமன்றத்துக்கும் உள்ள அதிகார வேறுபாட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. இங்கே அடிப்படை உரிமைக்கு முரணான பழைய சட்டத்தை நீதிமன்றமே செல்லாததாக்கலாம். 1978ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 16(1)ஆவது உறுப்புரையோ, அதற்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. எனவே 1883இன் சட்டத்தைக் கொழும்பில் எந்த நீதிபதியும் நேரடியாகத் தள்ளிவைக்க முடியாது. பாராளுமன்றந்தான் அதை நீக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு இருப்பதெல்லாம், ஒரு சட்டமூலம் நிறைவேறுவதற்கு முன்னால் அது அரசியலமைப்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லும் அதிகாரந்தான்.

2023இல் நடந்தது அதுவே. பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அன்று, சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றலாம் என்று நீதிமன்றம் கண்டது. அந்த முடிவு அவ்வாண்டு மே 9 அன்று பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆக, கதவு பூட்டியில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, திறக்க வேண்டியவர்கள் திறக்கவில்லை. 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலம் நிறைவேறாமலே போயிற்று.

365அ பிரிவின் வரலாறு எனக்கு எப்போதும் மனவேதனை தருவது. தொடக்கத்தில் அது ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது ‘ஆண்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆள்’ என்று போட்டார்கள். சமத்துவம் என்ற பெயரில் பெண்களும் அந்த நாள் முதல் குற்றவாளிகளானார்கள். இதை எதிர்த்துத்தான் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பின் நிறுவனர் ரோசானா ஃபிளேமர்-கல்டேரா, பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐநா குழுவிடம் முறையிட்டார். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது அப்பாகுபாடுகளுக்கெதிரான ஐநா உடன்படிக்கையை மீறுவதாகும் என்று அக்குழு 2022இல் முடிவு சொன்னது. உலகில் அக்குழு அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. இலங்கை அந்த உடன்படிக்கையின், தனிநபர் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் சேர்ந்திருப்பதால்தான் அவரால் அங்கே போக முடிந்தது. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே சென்னைப் பெண்ணொருத்திக்கு இல்லாத ஒரு வாசல் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு உண்டு.

இதைவிட அன்றாடத்தில் உங்களைக் கடிப்பவை வேறு என்பதை அறிவேன். யாழ்ப்பாணத்தில் நான் கலந்துகொண்ட ஒரு சிறு சந்திப்பில், திருநங்கை ஒருவர் தம் கைப்பையைத் திறந்து மூன்று தாள்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். பழைய பெயரும் பழைய படமும் கொண்ட தேசிய அடையாள அட்டை ஒன்று. மருத்துவமனைச் சிகிச்சை அட்டை ஒன்று. 2016இல் சுகாதார அமைச்சு விடுத்த சுற்றறிக்கைக்குப் பிறகு கிடைக்கத் தொடங்கிய பாலின அங்கீகாரச் சான்றிதழ் ஒன்று. போலீஸார் மறித்துக் கேட்கும்போது எதை முதலில் நீட்டுவது என்றுதான் வீட்டிலிருந்து புறப்படும்போதே யோசிப்பதாகச் சொன்னார். அடையாள அட்டையை நீட்டினால், ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சான்றிதழை நீட்டினால், அதைப் படித்துப் பார்ப்பதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிடும். 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும் இன்றுவரை இதற்குப் பயன்படுகிறது. 365 நீங்கினாலும் இவை இருக்கும் என்பதை உங்கள் ஊர்ச் செயற்பாட்டாளர்கள் தெளிவாகவே சொல்லிவருகிறார்கள், அதைக் கொழும்பு கேட்க வேண்டும்.

கேள்வி (கோவை): தன்பாலீர்ப்பு முதலியவை எல்லாம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கங்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: இறக்குமதியானது தண்டனைதான் என்று சொல்லுங்கள். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியாவில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கையரைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணிப்பதற்கென்றே இயற்றப்பட்டது. நம் தொல்காப்பியமோ ‘ஆண்மை திரிந்த’ பெயரை (உரையாசிரியர்கள் பேடி என்பார்கள்) எந்தத் திணையில் வைப்பது என்று யோசிக்கும் இடத்தில் உயர்திணையில்தான் வைக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை முழுநிலவில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் திருநங்கையருக்கு அதை எந்த மேல்நாட்டார் வந்து கற்றுக்கொடுத்தார்? நேபாளத்தில் ஆண்டுதோறும் காய் ஜாத்திரைத் திருவிழா நாளில்தான் பால்புதுமையர் ஊர்வலம் போகிறார்கள்.

ஆனால், இந்த வாதத்தை ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய நூலில் இடம் இருந்தால்தான் ஒருவருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், நூலில் இடம்பெறாதவர்களை நாமே கைவிட்டவர்கள் ஆவோம். ஒரு பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்குக் கோயிலும் இல்லை, திருவிழாவும் இல்லை. அவள் உரிமை அதனால் குறைந்துவிடாது.

கேள்வி (சேலம்): ஐரோப்பாவில் ஒரு நாடு உரிமை மறுத்தால் பொது நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார்கள். சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்கு அப்படி ஒன்று கிடையாதா?

பதில்: கிடையாது. அதுவே நம் பகுதியின் பெருங்குறை. வடக்கு அயர்லாந்தில் தன்பாலீர்ப்பு குற்றமாக இருந்தபோது, 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் டட்ஜன் வழக்கில் தீர்ப்பளித்து அதை மாற்ற வைத்தது. கோஸ்ட்டா ரிக்கா கேட்ட விளக்கத்துக்கு அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் கொடுத்த கருத்துரையின் விளைவாக 2020 மே மாதம் அந்நாட்டில் திருமண உரிமை வந்தது. ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம்கூட, பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் காரணமாகக் காட்டி நடக்கும் வன்முறையைக் கண்டித்து 2014இல் தீர்மானம் இயற்றியது. 1985இல் டாக்காவில் பிறந்த சார்க் அமைப்புக்கு மனித உரிமை நீதிமன்றமும் இல்லை, ஆணையமும் இல்லை. 2014இல் காத்மாண்டில் கூடிய உச்சி மாநாட்டுக்குப் பிறகு மாநாடே கூடுவதில்லை.

எனவே இங்கே அந்த வேலையை மனிதர்கள் செய்கிறார்கள். 2006 நவம்பரில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் உலகெங்கிலுமிருந்து வல்லுநர்கள் கூடி, பன்னாட்டு மனித உரிமைச் சட்டம் பால்புதுமையருக்கு எப்படிப் பொருந்தும் என்று விதிகள் வகுத்தார்கள். அவற்றில் ஒப்பமிட்டவர்களில் நேபாளத்தின் சுனில் பாபு பந்தும், பாகிஸ்தான் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீரும், இந்தியாவின் மிலூன் கோத்தாரியும் உண்டு. எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத தாள் அது. ஆனாலும் அடுத்த ஆண்டு காத்மாண்டுத் தீர்ப்பிலும், பின்னர் நால்சா தீர்ப்பிலும் அது இடம்பிடித்தது. 2016இல் ஐநா மனித உரிமைப் பேரவை இந்தப் பொருளுக்கென்று சுயேச்சை நிபுணர் பதவியை உருவாக்கியபோது முதலில் அமர்த்தப்பட்டவரும் நம் கண்டத்தவரே: தாய்லாந்தின் விதித் முந்தர்போன்.

நீதிமன்றம் இல்லாத பகுதியில் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்பே நீதிமன்றத்தின் பாதி வேலையைச் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நேபாளத் தீர்ப்பைப் பற்றித் தமிழில் ஒழுங்கான பத்துப் பக்கம் இருந்தால், அது திருநெல்வேலிக்கும் பயன்படும், மட்டக்களப்புக்கும் பயன்படும். சட்டக் கல்லூரி மாணவர்கள் யாரேனும் இந்த வேலையில் இறங்கினால் என்னால் ஆன உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவி): பாகிஸ்தானும் வங்கதேசமும் திருநரை அங்கீகரித்திருக்கின்றன, அதே வேளையில் 377ஐயும் வைத்திருக்கின்றன. இந்த முரண்பாடு எனக்குப் புரியவில்லை.

பதில்: மரபில் ஏற்கெனவே இடம் இருந்தவர்களுக்கு மட்டும் அரசு இரக்கம் காட்டுகிறது, உரிமை என்று கேட்பவர்களிடம் அந்த இரக்கம் நின்றுவிடுகிறது. பாகிஸ்தான் 2018இல் இயற்றிய திருநர் சட்டம், தாம் உணரும் பாலினத்தையே அடையாளமாகப் பதிந்துகொள்ளும் உரிமையைக் கொடுத்தது; அந்த அளவில் அது நம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட முன்னே சென்றது, ஏனெனில் நம் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்று பெற வேண்டும் என்று வைத்தது. ஆனால் 2023 மே மாதம் அங்குள்ள கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம், அச்சட்டத்தின் உயிரான பிரிவுகளையே இஸ்லாத்துக்கு முரணானவை என்று சொல்லிவிட, செயற்பாட்டாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

வங்கதேச அமைச்சரவை 2013 நவம்பரில் ஹிஜ்ராக்களைத் தனிப் பாலினமாக அங்கீகரித்தது. யார் ஹிஜ்ரா என்பதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. அரசு வேலைக்கு அவர்களிடமிருந்து விண்ணப்பம் கேட்டு, தேர்வான 12 பேரை 2015இல் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களை ஆடை களையச் சொல்லி, ஊழியர்களைக் கொண்டு தொட்டுப் பார்த்து, கடைசியில் இவர்கள் ஆண்களே என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கீகாரத்தை ஒருவரின் சொல்லில் வைக்காமல் உடலில் தேடினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஜுல்ஹாஸ் மன்னான் பெயரைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. அந்நாட்டின் முதல் பால்புதுமையர் இதழான ‘ரூப்பான்’ 2014 ஜனவரியில் வெளிவரக் காரணமாக இருந்தவர் அவர். நம் சித்திரைப் புத்தாண்டு நாளில்தான் அவர்களுக்கும் பைசாக்கப் புத்தாண்டு பிறக்கிறது. அந்த ஊர்வலத்தில் 2014இலும் 2015இலும் வானவில் நிற ஆடைகளோடு அவருடைய நண்பர்கள் நடந்தார்கள். 2016இல் போலீஸ் அனுமதி மறுத்ததோடு சிலரைப் பிடித்தும் வைத்தது. அதற்குப் பதினோரு நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று, பார்சல் கொண்டுவந்தவர்கள் போல வீட்டுக்கு வந்தவர்கள் அவரையும் அவர் நண்பர் மஹ்பூப் ரப்பி தொனோயையும் வெட்டிக் கொன்றார்கள். 2021 ஆகஸ்டில் ஆறு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் அந்தக் கொலைகளுக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனவர்களும், பெயரை மாற்றிக்கொண்டு மௌனமானவர்களும் பலர். உரிமையைக் காப்பது என்று நாம் எழுதும்போது, முதலில் உரிமை கேட்பவரின் உயிரைக் காப்பது என்று பொருள். எல்லைக்கு இப்பால் அவர்களுக்குத் தங்க ஓர் அறையும், விசாவுக்கு ஒரு கடிதமும், வழக்கறிஞர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் தேவைப்படுகின்றன. நம் பகுதியில் எந்த அரசும் இவற்றை ஏற்பாடு செய்து வைக்கவில்லை; நண்பர்கள் செய்கிறார்கள்.

கேள்வி (கும்பகோணம்): நேபாளத்தில் திருமணம் பதிவு செய்ய முடியும் என்பது உண்மையா? பூட்டானில்?

பதில்: நேபாளத்தில் உண்மை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்ற நீதிபதி தில் பிரசாத் ஷ்ரேஷ்டா பிறப்பித்த இடைக்கால ஆணையைத் தொடர்ந்து, லம்ஜுங் மாவட்டத்தில் உள்ள தோர்தி கிராம நகராட்சியில் அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று மாயா குருங், சுரேந்திர பாண்டே இணையரின் திருமணம் பதிவானது. காத்மாண்டு மாவட்ட நீதிமன்றம் தயங்கி மறுத்த பதிவை ஒரு மலைக் கிராமத்து அலுவலகம் செய்து கொடுத்தது. எனினும் அது இடைக்கால ஆணை. முழுச் சட்டம் அன்று. நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று இந்தக் கோரிக்கையை நாடாளுமன்றத்திடம் தள்ளிவிட்டது. பூட்டானில் திருமண உரிமை இல்லை. ஆனால் 2020 டிசம்பர் 10 அன்று, மனித உரிமை நாளிலேயே, நாடாளுமன்றத்தின் கூட்டு அமர்வில் 69 பேரில் 63 பேர் வாக்களித்து, தன்பாலீர்ப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வழக்கு எதுவும் இல்லாமல் நடந்தது அது.

கேள்வி (நாகர்கோவில்): ஐயா, என் மகனுக்கு 26 வயது. தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, திருமணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று அழுதுகொண்டே சொன்னான். இப்போது மாலத்தீவில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. போவதற்கு முன் நல்ல டாக்டரிடம் காட்டிச் சரிசெய்துவிடலாமா?

பதில்: அம்மா, சரிசெய்வதற்கு உங்கள் மகனிடம் எந்தக் குறையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை செய்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை செய்தது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளில் தமக்குத் தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமே உளவியல் வல்லுநர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். நீங்களும் டாக்டரிடம் போகலாம். மகனை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். உங்கள் மனக்கலக்கத்துக்காக நீங்கள் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது மாலத்தீவு என்ற சொல்தான். அந்நாட்டின் தண்டனைச் சட்டம் தன்பாலீர்ப்பு உறவுக்குச் சிறையும் கசையடியும் விதிக்கிறது. அது குடிமக்களுக்கு மட்டும் அன்று, வேலைக்குப் போகும் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். சுற்றுலாத் தீவுகளில் மது கிடைக்கிறதே, எல்லாம் தளர்வாக இருக்குமே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கடற்கரை மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் போய்ச் சம்பாதிக்கிறார்கள். கைப்பேசியில் உள்ள உரையாடல்களும் துணை தேடும் செயலிகளும் அங்கே சாட்சியாக மாறக்கூடும் என்பதை அவர் அறிந்து போக வேண்டும். கடவுச்சீட்டின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாலேயில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணை அவர் மனப்பாடம் செய்யட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஏதாவது நேர்ந்தால் உண்மையைச் சொல்லி அழைக்கக்கூடிய ஓர் ஆள் ஊரில் இருக்க வேண்டும். அது நீங்களாக இருக்க முடியுமானால், விமானம் ஏறுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): எந்தச் சொற்களைப் பயன்படுத்தினால் யார் மனமும் புண்படாது?

பதில்: சென்னை உயர் நீதிமன்றத்தின் அந்த 2021ஆம் ஆண்டு வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, திருநர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் என்று அதில் உள்ளவற்றையே இந்தப் பக்கத்தில் பின்பற்றுகிறேன். எல்ஜிபிடிஐக்யூ என்று எழுதுவதிலும் தவறில்லை. எதிரில் இருப்பவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று கேட்டு, அப்படியே அழைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

கேள்வி (ஊர் வேண்டாம்): நான் மகளிர் காவல் நிலையமொன்றில் தலைமைக் காவலராகப் பணிபுரிகிறேன். மகளைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்கிறார்கள். தேடிப் பிடித்தால் அவள் தோழியோடு விரும்பித்தான் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது என்ன?

பதில்: இந்தக் கேள்வியை எழுதிக் கேட்டதற்கு முதலில் உங்களுக்கு என் வணக்கம். நீங்கள் செய்ய வேண்டியதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது: இருவரும் வயது வந்தவர்கள், மனம் ஒப்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, எந்தத் தொல்லையும் கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். வாக்குமூலம் பெறும்போது உறவினர் யாரும் அறையில் இருக்கக் கூடாது. பெற்றோரோடு அனுப்பிவைப்பது உங்கள் கடமை அன்று. மிரட்டல் இருந்தால் பாதுகாப்புக் கொடுப்பதே கடமை. இரவு தங்க இடமில்லை என்றால் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும், வழக்கறிஞர் தேவையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் சொல்லி அனுப்பலாம். பால்புதுமையரையோ அவர்கள் நலனுக்காக உழைப்பவர்களையோ துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைத் தமிழ்நாடு அரசு சேர்த்திருக்கிறது. உழைப்பவர்களையும் சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இணையருக்குத் துணையாக வரும் தன்னார்வலரை மிரட்டி வெளியே அனுப்புவதும் விதிமீறலே. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவர் விரும்பிய பெண்ணோடு அனுப்பியபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அன்று என்றும் சொல்லியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட இரண்டு பெண்களுக்காக ஒரு காவல் நிலையத்தில் இரவு பத்து மணிவரை நான் உட்கார்ந்திருந்தேன். இருவரின் ஆதார் அட்டைகளும் ஆய்வாளர் மேசைமேல் கிடந்தன. கைப்பேசிகளைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டிருந்தார்கள். உங்களில் யார் ஆம்பளை என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாமல் நின்றவர் ஒரே ஒரு பெண் காவலர். ஆய்வாளர் சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் காவலர், பெண் ஒருத்தியின் தந்தையை வெளியே வேப்ப மரத்தடிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதாகிறது ஐயா என்று நான்கைந்து முறை அமைதியாகச் சொன்னார். ஆய்வாளர் திரும்பி வந்ததும் வாக்குமூலத்தை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். பிறகு கைப்பேசிகளை எடுத்துக் கொடுத்து, இருவரையும் பேருந்து நிலையம்வரை நடந்தே அழைத்துப்போனார். அவர் திரும்பி வந்தபோது உள்ளங்கையில் பேருந்தின் எண்ணை எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். எந்த ஊர் பஸ் என்று தந்தை கேட்டார். சொல்ல மாட்டேன் என்று அவர் கையை மூடிக்கொண்டார்.